கடற்பாம்பின் "கோபம்"

(கடலோர ஊர் ஒன்றின் வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



உலகத்தில் எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, ஒரு பாம்பைப் பற்றிப் பேசவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயந்தான். ஆனால் மனிதனுடைய புத்தி எந்த இடத்தில் முதன்முதல் அவனை விட்டு ஓடுகின்றது என்று பார்க்க வேண்டுமானால், பாம்பு வந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று பழமொழி சொல்லுகிறோம். படை நடுங்கினால் நடுங்கட்டும். அதில் ஒன்றும் அவமானமில்லை. விஷமுள்ள ஜந்துவைக் கண்டு பயப்படுவது உயிரின் இயற்கை. ஆனால் படையோடு சேர்ந்து புத்தியும் ஏன் நடுங்க வேண்டும் என்பதுதான் நம்முடைய கேள்வி.

இதற்காக நாம் எடுத்துக்கொண்டிருப்பது நம் வயல் வரப்பில் இருக்கிற பாம்பல்ல. ஆஸ்திரேலியாவின் வடபாகத்துக் கடலில் பவழப்பாறைகளின் நடுவே குடியிருக்கும் ஒரு கடற்பாம்பு. ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்றால், நம்மூர்ப் பாம்பைப் பற்றி வாயைத் திறந்தவுடனேயே புற்று என்றும், பால் என்றும், தோஷம் என்றும் ஆளுக்கொரு கதை வந்துவிடும். கேட்கிறவர்களின் மனமும் முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இந்தப் பாம்புக்கோ நம் நாட்டில் கோயிலும் இல்லை, கதையும் இல்லை. ஆதலால் யாருடைய மனமும் புண்படாமல் நிதானமாக ஆராயலாம். ஆராய்ந்து முடித்த பிறகு, இஷ்டமுள்ளவர்கள் அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டுக் கொல்லைக்குப் போகட்டும்.

பாம்பின் அடையாளம்

இந்தப் பாம்புக்கு ஆலிவ் கடற்பாம்பு என்று பெயர். ஆலிவ் என்பது ஒரு காய். பச்சையும் பழுப்பும் கலந்த அதன் நிறத்தைக் கொண்டு அப்படிப் பெயர் வைத்தார்கள். விஞ்ஞானிகள் எழுதும் பெயர் ஐபிசூரஸ் லேவிஸ் என்பது. 1804-ல் லாசெபேட் என்கிற பிரெஞ்சுக்காரர் இதை வர்ணித்து எழுதி வைத்தார். வட ஆஸ்திரேலியா, நியூகினி, நியூ கலிடோனியா ஆகிய இடங்களின் கடல்களில் இது வாழுகின்றது. குயின்ஸ்லாந்து மாகாணத்தின் கரையோரமாக 2,300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறதே பெருந்தடுப்புப் பவழத்திட்டு, அதில் முக்குளிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த பாம்பு. சாதாரணமாக ஒரு மீட்டருக்கு மேல், அதாவது நம் கணக்கில் இரண்டு முழத்துக்கு மேல் வளரும். ஆறடியை நெருங்கியவையும் உண்டு. பெண் பாம்பு ஆண் பாம்பைவிடப் பெரியது.

பவழப்பாறை என்பது வெறும் கல்லல்ல. கண்ணுக்குச் சிறிதான பிராணிகள் கோடிக்கணக்காகச் சேர்ந்து தலைமுறை தலைமுறையாகக் கட்டிய சுண்ணாம்புக் கூடு அது. அதில் பொந்தும் பிளவும் ஏராளம். இந்தப் பாம்பு அந்தப் பொந்துகளில் தலையை விட்டு விட்டுத் துழாவி, சிறு மீன், இறால், மீன்முட்டை முதலியவைகளைத் தின்று பிழைக்கின்றது. வளர்ந்த பாம்பு தான் வாழும் சிறு வட்டாரத்தை விட்டு அதிகமாக நகர்வதில்லை. ஒரே பாறையின் ஒரு பகுதியிலேயே காலங்கழிக்கும்.

உடம்பே எழுதி வைத்திருக்கும் சரித்திரம்

இதன் உடம்பைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. கடலிலேயே பிறந்து, கடலிலேயே தின்று, கடலிலேயே சாகிற ஜந்துவுக்கு மீனைப்போலச் செவுள் இருக்க வேண்டுமல்லவா? இல்லை. நம்மைப் போல நுரையீரல்தான் இருக்கின்றது. அதுவும் ஒரே நுரையீரல், ஏறக்குறைய உடம்பின் நீளத்துக்குப் பைபோல நீண்டிருக்கின்றது. ஆகவே மூச்சு விடுவதற்கு நீர்மட்டத்துக்கு வந்தே தீரவேண்டும். ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு போனால் அரை மணிக்கு மேலும் உள்ளே இருக்கும். தோலின் வழியாகவும் கொஞ்சம் பிராணவாயுவை நீரிலிருந்து வாங்கிக்கொள்ளும். மூக்குத் துவாரத்தில் தண்ணீர் நுழையாதபடி மூடிக்கொள்ள ஒரு தடுக்கு உண்டு. உடம்பில் சேரும் உப்பை வெளியே தள்ள நாக்கின் கீழே ஒரு சுரப்பி இருக்கின்றது. வால் மட்டும் துடுப்புப் போலத் தட்டையாக இருக்கின்றது. முட்டையிடக் கரைக்கு வரவேண்டிய தொல்லையும் இதற்கு இல்லை. ஏறக்குறைய ஒன்பது மாதம் வயிற்றில் சுமந்து சில குட்டிகளை நீருக்குள்ளேயே ஈனுகின்றது.

இதெல்லாம் எதைக் காட்டுகின்றது? கடலுக்கென்றே ஒருவர் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்த ஜந்துவானால், முதல் வேலையாகச் செவுளை வைத்திருப்பார். மூச்சுக்கு மேலே ஓடு, இரைக்குக் கீழே ஓடு என்று அலைய விட்டிருக்க மாட்டார். ஆனால் இது நாகமும் கட்டுவிரியனும் சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது. தரையில் வாழ்ந்த இதன் முன்னோர்கள் லட்சக்கணக்கான வருஷங்களில் கொஞ்சங்கொஞ்சமாகக் கடலுக்கு மாறி வந்திருக்கின்றன. பழைய வீட்டுச் சாமானைப் புது வீட்டுக்குத் தக்கபடி வெட்டி ஒட்டிக்கொள்ளுகிற குடித்தனக்காரனைப்போல, தரையில் கிடைத்த உடம்பையே கடலுக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டிருக்கின்றது.

இன்னும் ஒரு அதிசயமான சங்கதி. இந்தப் பாம்பு பாறைப் பொந்தில் ஒளிந்து படுக்கும்போது தலையும் உடலும் உள்ளே போய்விடும். வால் மட்டும் சில சமயம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுறா கண்டால் விடுமா? ஆனால் வாலின் தோலுக்கு வெளிச்சம் படுவதை உணரும் சக்தி இருக்கின்றது. வெளிச்சம் பட்டவுடனே வாலை உள்ளே இழுத்துக்கொள்ளுகின்றது. 1990-ல் ஹீட்வோல் என்கிற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவரும் இதைப் பரிசோதித்து எழுதினார்கள். 2019-ல் வெளிவந்த மற்றொரு ஆராய்ச்சியில், இதற்கு நெருங்கிய உறவான சில இனங்களுக்கும் அந்தச் சக்தி உண்டென்று தெரிந்தது. வாலில் கண் இருப்பதாக நம் புராணக்காரன் எழுதியிருந்தால் அதைக் கும்பிட்டிருப்போம். விளக்கைப் பிடித்துப் பார்த்து ருசுப்படுத்தினவர்கள் சொல்லும்போது, அப்படியா என்று கேட்டுவிட்டுப் போகிறோம்.

விஷம் பொய்யல்ல

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். பாம்பைக் கண்டு நடுங்காதே என்று சொல்லுகிறவர்கள் அதற்கு விஷமே இல்லை என்று சொல்லுவதாக நினைத்துவிடக் கூடாது. இதற்கு விஷம் உண்டு. மனிதனைக் கொல்லத்தக்க விஷமே உண்டு. வழுக்கிக்கொண்டு ஓடும் மீனைச் சட்டென்று அசையாமல் செய்வதற்காக ஏற்பட்ட அந்த விஷம் நரம்பையும் தசையையும் தாக்கக்கூடியது. கடற்பாம்புக்கு வாய் சிறியது, அதனால் மனிதனைக் கடிக்க முடியாது என்று படித்தவர்களிலேயே சிலர் சொல்லுவதுண்டு. அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். 2018-ல் ஆஸ்திரேலியாவின் வடக்கே கார்பென்டேரியா வளைகுடாவில் இறால் பிடிக்கும் படகொன்றில் வலையை இழுத்துக்கொண்டிருந்த 23 வயது வாலிபர் ஒருவர் கடற்பாம்பு கடித்து இறந்து போனார். எனவே பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் பயத்துக்குக் காரணம் உண்டு என்பதனாலேயே, பயத்தில் நாம் கட்டுகிற கதையெல்லாம் உண்மையாகிவிடாது. இதுதான் இன்று நாம் சொல்லவந்த விஷயத்தின் உயிர்நிலை.

துரத்தி வந்த பாம்பு

பவழப்பாறைகளைப் பார்ப்பதற்காகக் காற்றடைத்த குடுவையை முதுகில் கட்டிக்கொண்டு, காலில் ரப்பர் துடுப்பை மாட்டிக்கொண்டு முக்குளிக்கிறவர்கள் அநேகர். அவர்களுக்குள்ளே இந்தப் பாம்பைப் பற்றி வெகுகாலமாக ஒரு பேச்சு உண்டு. பாம்பு தூரத்திலிருந்து நேராகத் தங்களை நோக்கிப் பாய்ந்து வருகின்றது, ஒதுங்கினாலும் விடுவதில்லை, ஓடினால் துரத்துகின்றது, காலைச் சுற்றிக்கொள்ளுகின்றது என்பார்கள். இது கட்டுக்கதையல்ல. பார்த்தவர்கள் பார்த்தபடிதான் சொன்னார்கள். ஆனால் அதற்கு அவர்கள் சொன்ன காரணம் என்ன? பாம்பு கோபக்காரப் பாம்பு, மனிதனை எதிரியாக நினைக்கின்றது என்பதுதான். பார்த்தது உண்மை, அதற்குக் கொடுத்த அர்த்தம் ஊகம். உண்மையையும் ஊகத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால், பிறகு எது எதுவென்று பிரிக்க ஆளில்லாமல் போய்விடுகின்றது.

இதைப் பிரித்துப் பார்க்க ஒருவர் துணிந்தார். டிம் லிஞ்ச் என்கிற ஆராய்ச்சிக்காரர் 1994, 1995-ஆம் வருஷங்களில் பெருந்தடுப்புப் பவழத்திட்டின் தென்பாகத்தில் தாமே முக்குளித்து, இந்தப் பாம்புகளை எதிர்ப்பட்ட ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்று எழுதி வைத்தார். பாம்பு ஆணா பெண்ணா? எந்த மாதம்? கிட்ட வந்ததா, வரவில்லையா? வருவதற்கு முந்திய நிமிஷத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது? இவ்வளவுதான் அவர் கேட்ட கேள்விகள். இதற்குப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். பிறகு அவரும், ராஸ் ஆல்ஃபோர்டு, ரிக் ஷைன் என்கிற மற்ற இருவரும் சேர்ந்து அந்தக் கணக்கை அலசி 2021-ல் வெளியிட்டார்கள்.

கணக்கு என்ன சொல்லுகின்றது? அவர் பாம்புகளை எதிர்ப்பட்டது 158 தடவை. அதில் பாம்பு அவரை நோக்கி வந்தது 74 தடவை. மீதி 84 தடவை அது அவரை நோக்கி வரவேயில்லை. வேகமாகப் பாய்ந்து வந்ததோ 13 தடவை மாத்திரம். அதாவது பன்னிரண்டு சந்திப்புக்கு ஒன்று என்றுகூடச் சொல்லலாம். மனிதனுக்குப் பகைவனாகவே பிறந்த ஜந்துவானால் 158 தடவையும் அல்லவா பாய்ந்திருக்க வேண்டும்?

இனி அந்த 13 தடவைக்கு வருவோம். அத்தனையும் அந்தப் பாம்புகள் ஜோடி சேரும் காலத்தில், அதாவது மே முதல் ஆகஸ்டு வரையுள்ள அந்நாட்டுக் குளிர்காலத்தில் நடந்தவை. மற்ற மாதங்களில் ஒன்றுகூட இல்லை. பாய்ந்து வந்த ஆண் பாம்புகளில் பெரும்பாலானவை, அதற்குச் சற்று முன்புதான் ஒரு பெண் பாம்பைத் துரத்திக்கொண்டு போய்க் கோட்டை விட்டவை, அல்லது போட்டிக்கு வந்த இன்னொரு ஆணோடு மல்லுக்கு நின்றவை. பாய்ந்து வந்த பெண் பாம்புகளோ, அத்தனையும் ஆண் பாம்புகளால் துரத்தப்பட்டுத் தப்பி வந்தவை. மூன்று தடவை ஆண் பாம்பு அவருடைய காலிலிருந்த ரப்பர் துடுப்பைச் சுற்றிக்கொண்டது. அப்படிச் சுற்றிக்கொள்ளுவது அந்தப் பாம்புகள் பெண்ணை நாடும்போது செய்கிற காரியம்.

விஷயம் விளங்குகிறதா தோழர்களே? பாம்பு மனிதனைத் தேடி வரவில்லை. காணாமற்போன பெண் பாம்பைத் தேடி வந்தது. எதிரே நீளமாக, இருட்டாக அசைந்துகொண்டிருந்த ஒரு உருவத்தைக் கண்டு அதுதானோ இது என்று சோதித்துப் பார்க்க வந்தது. தரையில் வாழும் பாம்பு, பெண் பாம்பு ஊர்ந்த தடத்தின் வாசனையை நாக்கினால் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடும். கடலில் தடமேது? அதனால் கண்ணை நம்ப வேண்டியிருக்கின்றது. கண்ணோ அவ்வளவு கூர்மையில்லை. கிட்ட வந்து நாக்கினால் தொட்டுப் பார்த்தால்தான் இன்னதென்று தெரியும். பார்த்துவிட்டு, இது நம்முடையதல்ல என்று அது போய்விடும்.

ஓடினால் என்ன ஆகும்?

இந்தச் சமயத்தில் முக்குளிக்கிறவர் பயந்து ஓடினால் என்ன நடக்கும்? துரத்தப்படுகிற பெண் பாம்பும் ஓடத்தான் செய்யும். ஆகவே ஓடுகிற மனிதன், நான்தான் நீ தேடுகிற பாம்பு என்று அதற்குத் தானே ருசுக் கொடுத்தவனாகிறான். அது இன்னும் வேகமாக வரும். இவன் உதைப்பான், கையிலிருப்பதைக் கொண்டு அடிப்பான். அப்போது மெய்யாகவே அதற்குத் தன் உயிருக்குப் பயம் வந்து கடித்தாலும் கடிக்கும். ஒரு தப்பெண்ணம் இன்னொரு தப்பெண்ணத்தோடு மோதினதில் ஒரு உயிர் போகும். போன பிறகு, பார்த்தீர்களா, நாங்கள் சொன்னபடியே கொலைகாரப் பாம்பு என்று ஊர் சொல்லும். தன் பயத்தினால் தானே உண்டாக்கின காரியத்தைத் தன் பயத்துக்கே சாட்சியாகக் கொண்டுவருகிறது என்பது இதுதான்.

ஆகையால்தான் அந்த ஆராய்ச்சிக்காரர்கள், பாம்பு கிட்டே வந்தால் அசையாமல் இருங்கள், அது நாக்கினால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று புத்தி சொல்லுகிறார்கள். கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கஷ்டந்தான். ஆனால் எதனால் அது வருகின்றது என்று தெரிந்தவன் நிற்கக் கூடும். தெரியாதவனால் நிற்க முடியாது. அறிவு என்பது மேடையில் பேசுவதற்கு மாத்திரமல்ல, கால் நடுங்கும்போது நிறுத்தி வைப்பதற்கும் உதவுகின்றது என்பதற்கு இது ஒரு அத்தாட்சி.

நிற்க, நம் ஊருக்கு வருவோம். அடிபட்டுத் தப்பின பாம்பு பழிவாங்காமல் விடாது என்று நம்மில் சொல்லாதவர் யார்? அடித்தவனுடைய வீட்டைத் தேடிக்கொண்டு வரும், கூரையில் ஏறிக் காத்திருக்கும் என்கிறோம். சரி, லிஞ்ச் கேட்ட கேள்விகளை நாமும் கேட்போம். எத்தனை தடவை பாம்பு அடிபட்டுத் தப்பிப் போயிற்று? அதில் எத்தனை தடவை அதே பாம்பு திரும்பி வந்தது? அதே பாம்புதான் என்று எப்படித் தெரிந்தது? அது ஆணா, பெண்ணா? எந்த மாதம்? வீட்டில் எலி இருந்ததா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவர் ஒருவர்கூட இல்லாமலிருக்கும்போது, பாம்புக்கு மனிதனைப்போல ஜாபிதா வைத்துக்கொண்டு வஞ்சம் தீர்க்கும் குணம் இருக்கிறதென்று மாத்திரம் எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. வஞ்சம் நம்முடைய குணம். அதைத் தூக்கிப் பாம்பின் தலையில் வைத்துவிட்டு, பிறகு அதைக் கண்டு நாமே நடுங்குகிறோம்.

பாட்டிமார்கள் எடுத்த கணக்கு

இப்படி எண்ணிப் பார்ப்பது படித்த ஆராய்ச்சிக்காரர்களால்தானே முடியும், நம்மால் ஆகுமா என்று சிலர் கேட்கலாம். அதற்குப் பதிலாக ஒரு சங்கதி சொல்லுகிறோம். இங்கே வந்திருக்கும் தாய்மார்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

நியூ கலிடோனியாவின் தலைநகர் நூமியா. அங்கே ஜனங்கள் குளிக்க வரும் எலுமிச்சைக் குடா என்கிற கடற்கரை ஒன்று உண்டு. அங்கே பெருங்கடற்பாம்பு என்று சொல்லப்படுகிற வேறொரு இனம் இருக்கின்றது. அதுவும் பவழப்பாறை ஓரத்துப் பாம்பு, ஒன்றரை மீட்டர் வரை வளரும், கொல்லக்கூடிய விஷமுள்ளது. அந்தக் குடாவுக்கு அது எப்போதோ அபூர்வமாய் வந்துபோவதாக ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2017-ல் அறுபது, எழுபது வயதான ஏழு பெண்கள், தாங்களாகவே இதில் உதவ முன்வந்தார்கள். மூச்சுக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு நீரில் மிதந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு பாம்பையும் படம் பிடித்தார்கள். பாம்புக்குப் பாம்பு உடம்பிலுள்ள குறி வித்தியாசப்படும். ஆகவே அதைக் கொண்டு இது நேற்றுப் பார்த்த பாம்பா, புதுப்பாம்பா என்று பிரிக்கலாம். 25 மாதத்தில் 140-க்கு மேற்பட்ட வெவ்வேறு பாம்புகள் அந்த ஒரே குடாவில் இருக்கின்றன என்று தெரியவந்தது. கிளேர் குவாரான் என்ற பெண் ஆராய்ச்சியாளரும், முன் சொன்ன ரிக் ஷைனும் 2019-ல் இதை வெளியிட்டார்கள்.

அத்தனை விஷப்பாம்புகளின் நடுவில்தான் அந்த ஊரார் தினந்தோறும் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அந்த இனம் அங்கே குளிப்பவர்களைக் கடித்ததாக அந்த ஆராய்ச்சியில் ஒரு பதிவும் இல்லை. பெண்ணுக்குப் பாம்பைக் கண்டால் மயக்கம் வரும், வயதானால் மூலையில் உட்கார வேண்டும் என்று நம்மவர் சட்டம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டிமார்களோ பாம்பின் நடுவே நீந்திக் கணக்கெடுத்து, ஆராய்ச்சிக்காரர்களின் அபிப்பிராயத்தையே மாற்றிவிட்டார்கள்.

எண்ணுவதில் இன்னொரு பிரயோஜனமும் உண்டு. இருப்பது குறைவதும் அதனால்தான் தெரியும். ஆஸ்திரேலியாவுக்கு வடமேற்கே ஆஷ்மோர் திட்டு என்று ஒன்று இருக்கின்றது. கடற்பாம்புகளுக்கு உலகத்தில் பேர்போன இடமாக இருந்தது. 1973-லும் 1994-லும் குறைந்தது ஒன்பது இனங்கள் அங்கே காணப்பட்டன. 2010-ல் தேடித் தேடிப் பார்த்தும் இரண்டு இனங்களே அகப்பட்டன. நம்முடைய ஆலிவ் கடற்பாம்பும் அங்கே அப்படியே அருகிவிட்டது. சில குட்டிகளையே ஈன்று, தன் பாறையை விட்டு நகராத ஜந்து ஓரிடத்தில் அழிந்தால், மற்ற இடத்திலிருந்து வந்து நிரம்புவது சுலபமல்ல. காரணம் என்னவென்று விஞ்ஞானிகளைக் கேட்டால், இன்னும் திட்டமாகத் தெரியவில்லை என்கிறார்கள். தெய்வ கோபம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அப்படிப் போனவன் நாளைக்குத் தேடமாட்டான். தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளுகிறவன்தான் நாளைக்கும் கடலில் இறங்குவான்.

கடியும் மந்திரமும்

இனி, வலை இழுக்கிற தோழர்களுக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறோம். ஆலிவ் கடற்பாம்பு நம் கரையில் இல்லை. ஆனால் வேறு கடற்பாம்புகள் நம் கரையில் உண்டு. வலையில் மீனோடு சேர்ந்து வருவது உங்களுக்குத் தெரியாததல்ல. கடிபட்டவருக்கு மந்திரித்துச் சுகமானதாகவும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மந்திரம் பொய்யானால் அவர் எப்படிப் பிழைத்தார் என்பீர்கள்.

எப்படியென்று சொல்லுகிறோம். மலாயாவில் பினாங்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் அலிஸ்டர் ரீடு என்பவர் 1950-களிலும் 1960-களிலும் கடற்பாம்பு கடித்த செம்படவர்கள் பலரைக் கவனித்து வந்தார். அவர் கண்டது என்னவென்றால், கடித்தவைகளில் பெரும்பாலானவற்றில் பாம்பு விஷத்தை இறக்கவேயில்லை, அல்லது சொற்பமே இறக்கியிருந்தது என்பது. பாம்புக்கு விஷம் இரை பிடிக்கும் முதல். அதை வீணாக்க அதற்கு அவசியமில்லை. ஆகவே விஷம் ஏறாத கடியோடு வந்தவனுக்கு மந்திரம் சொன்னாலும் பிழைப்பான், திண்ணையில் படுக்க வைத்தாலும் பிழைப்பான். பிழைத்தவனெல்லாம் மந்திரவாதியின் கணக்கில் வரவு. செத்தவனோ, நேரங்கழித்து வந்தான், தீட்டுப் பட்டது, விதி முடிந்தது என்று எழுதப்பட்டு, யார் கணக்கிலும் பற்று இல்லை. செலவே எழுதாமல் வரவை மாத்திரம் எழுதுகிற கடைக்காரன் என்றாவது நஷ்டப்படுவானா?

விஷம் ஏறினவனுக்கோ ஒவ்வொரு நிமிஷமும் விலையுள்ளது. கடற்பாம்புக் கடியில் மோசம் என்னவென்றால், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகமாக இருப்பதில்லை. முள் குத்தினதுபோல் இருக்கும். அதனால் ஒன்றுமில்லை என்று வேலையைப் பார்ப்பார்கள். அரை மணியிலோ, சில மணி நேரத்திலோ உடம்பெல்லாம் தசைவலி காணும், கை கால் விறைக்கும், வாயைத் திறக்க முடியாது, இமை தொங்கும், சிறுநீர் கறுத்துப் போகும். பிறகு மூச்சு விடும் தசைகள் ஓயும், சிறுநீரகம் கெடும். ஆதலால் கடித்தது கடற்பாம்பு என்று தெரிந்த மாத்திரத்தில், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட அவயவத்தை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. டாக்டரிடம் கடித்தது கடற்பாம்பு என்று முதலிலேயே சொல்ல வேண்டும்.

இதை ஏன் அழுத்திச் சொல்லுகிறோம்? நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக இருக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்கிற நான்கு தரைப்பாம்புகளின் விஷத்துக்கு ஏற்பட்டது. கடற்பாம்பு அதில் சேரவில்லை. கடற்பாம்புக்கென்று உள்ள மருந்து ஆஸ்திரேலியாவில் செய்யப்படுகின்றது. அதை எந்தப் பாம்பின் விஷத்தைக் கொண்டு செய்கிறார்கள் தெரியுமா? அலகு போன்ற மூக்குள்ள ஒரு கடற்பாம்பின் விஷத்தைக் கொண்டு. அந்தப் பாம்பு நம் சோழமண்டலக் கரையில் தாராளமாக இருக்கிற பாம்பு! பாம்பு நம்மிடம் இருக்கின்றது, கடிபடுகிறவனும் நம்மவன், மருந்து மாத்திரம் கடலுக்கு அப்பால் இருக்கின்றது.

மருந்து இல்லாவிட்டாலும் பிழைக்க வைக்க வழி உண்டு. மூச்சு ஓயும்போது யந்திரத்தினால் மூச்சுக் கொடுக்கலாம். சிறுநீரகம் ஓயும்போது யந்திரத்தினால் இரத்தத்தைச் சுத்தம் செய்யலாம். அவை இருக்கும் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது, இராத்திரியில் அங்கே போக வண்டி இருக்கின்றதா என்பதுதான் ஒரு செம்படவனுடைய உயிரைத் தீர்மானிக்கிறது. விதி என்று நாம் சொல்லுவதில் எவ்வளவோ பாகம் இப்படி ரஸ்தாவிலும் வண்டியிலும் மருந்து அலமாரியிலும் இருக்கின்றது.

ஆகவே தோழர்களே, இரண்டு காரியங்கள் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். ஒன்று, இந்த வாசகசாலையில் ஒரு நோட்டுப் புஸ்தகம் வையுங்கள். இந்தக் கரையில் யாரைக் கடற்பாம்பு கடித்தாலும், தேதி, நேரம், பாம்பின் அடையாளம், கடித்த பிறகு என்ன செய்தார்கள், எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள், முடிவு என்ன என்று, பிழைத்தவரையும் இறந்தவரையும் ஒன்று விடாமல் எழுதுங்கள். ஏழு பாட்டிமார்களால் ஆன காரியம் ஒரு ஊரால் ஆகாதா? இரண்டாவது, அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சர்க்காரிடம் காட்டி, கடற்பாம்புக்கு மருந்தும், மூச்சு யந்திரமும் கரையோர ஆஸ்பத்திரிகளில் வேண்டும் என்று கேளுங்கள். கணக்கில்லாமல் கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். கணக்கோடு கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

நாம் சொன்னதில் சந்தேகமுள்ளவர்கள் இங்கேயே எழுந்து கேட்கலாம். வலை இழுக்கிற தோழர்கள் முதலில் கேட்கட்டும். பாம்பை நம்மைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் அவர்களே.